அது டீச்சர் பாட்டு இல்லை

ஆறாப்பு பி பிரிவுக்காரங்களா, எல்லாரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் சாஞ்சு உட்காருங்க. இன்னைக்கு நீளமா எழுதப்போறேன். வழக்கமா நம்ம குரூப்புல நான் போடுறது ரெண்டே சங்கதிதான். காலையில ஒரு கும்பிடு. யாருக்காவது ஆபரேஷன்னா, "பயப்படாதீங்க, சுகரை மட்டும் பார்த்துக்கங்க." காலமெல்லாம் நர்ஸா வேலை பார்த்தவ வேற என்னத்தைப் போடுவா?

போன வாரம் நம்ம கண்டக்டர் ஒரு செய்தி போட்டாரு. ரிட்டயர் ஆகியும் நம்மளையெல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு விரட்டிக்கிட்டே இருக்காரே, அவரேதான். திருநகர்ல டீச்சரைக் கண்டுபிடிச்சாச்சு, நல்லா இருக்காங்க, நம்ம பரவையிலேயே மண்டபம் பேசியாச்சு, பொன்னாடை போர்த்துறோம், அப்புறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு "டீச்சர் பாட்டு" பாடுறோம்னு. உடனே கட்டைவிரல் மேல கட்டைவிரலா வந்து விழுந்துச்சு. செல்லூருக்கு வாக்கப்பட்டுப் போன என் பெஞ்சுக்காரி, அழுகிற மூஞ்சியும் சிரிக்கிற மூஞ்சியுமா மாத்தி மாத்திப் போட்டா. நான் மட்டும் எழுதினேன், அழிச்சேன். மறுபடி எழுதினேன், அழிச்சேன். "ரொம்ப நேரமா ஏதோ எழுதிக்கிட்டே இருக்கேன்னு காட்டுதே, என்னடி கதை எழுதுறியா?"ன்னு அவதான் தனியாக் கேட்டா. ஆமாடி, கதைதான் எழுதுறேன்.

அது டீச்சர் பாட்டு இல்லை. யாரு பாட்டுன்னு உங்கள்ல பாதிப் பேருக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு எல்லாரையும் விட நல்லாத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னவ நான். அம்பது வருஷம் ஆகப்போகுது, இன்னும் அது தொண்டையில நிக்கிது. மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு அதே பொய்யை இன்னொரு தடவை சொல்ல என்னால முடியாது. அதான் எழுதுறேன்.

டீச்சர் வர்றதுக்கு முந்தி நமக்கு இங்கிலீசுன்னா என்ன? கரும்பலகைக்குப் பக்கத்துல ஆணியில தொங்குமே, வினைச்சொல்லை மூணு கட்டம் போட்டு எழுதின அட்டை, அதுதான். முதக் கட்டம் இன்னைக்குச் செய்யிறது, ரெண்டாவது நேத்துச் செஞ்சது. மூணாவது எதுக்குன்னு அப்ப இருந்த வாத்தியாருக்கே தெரியாது. மூணாவது கட்டத்துல தப்பு விட்டா மட்டும் மூணு அடி. சந்தை ரோட்டுலேர்ந்து வெங்காயச் சருகு பறந்து வந்து ஜன்னல் வழியா விழும், அதைப் பொறுக்கிக் கையில தேய்ச்சுக்கிட்டா அடி வலிக்காதுன்னு நம்ம கண்டக்டர் ஒரு வைத்தியம் சொல்லுவாரு. எரிச்சல் ரெண்டு மடங்கா ஆனதுதான் மிச்சம்.

ஜூன் மாசம் டீச்சர் வந்தாங்க. பச்சைக் குடை, நெத்தியில சின்னப் பொட்டு, பக்கத்துல வந்தா பவுடர் வாசனை. திருநகர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரணும். வந்த மொத நாளே அந்த மூணு கட்ட அட்டையைக் கழட்டி, சுவத்தைப் பார்க்கத் திருப்பி மாட்டினாங்க. "இது அடிச்சா வராது. பாடினா வந்துரும்"னு சொன்னாங்க. நம்ம கெக்கெக்கேன்னு சிரிச்சோம். பள்ளிக்கூடத்துல பாட்டுன்னா பிரேயர்ல நிக்கும்போது பாடுறது மட்டும்தானே நமக்குத் தெரியும்.

டீச்சருக்குக் குரல் ஒண்ணும் பெரிசா இல்லை. மேல போனா கீச்சுன்னு உடைஞ்சிரும். அதனாலதான் மெட்டை நம்மகிட்டக் கேட்டாங்களோ என்னமோ. "ஆளுக்கு ஒரு மெட்டு வீட்டுலேர்ந்து கொண்டு வாங்க. சினிமாப் பாட்டு வேண்டாம், பெரிய வாத்தியாருக்கு ஆகாது. அம்மா பாடுறது, அப்பா பாடுறது, தெருவுல போறவங்க பாடுறது, எதுன்னாலும் சரி. மெட்டு உங்களோடது, வார்த்தை என்னோடது."

மறுநாள் கூத்தைக் கேட்கணுமே! ஒருத்தி முளைப்பாரிக் கும்மியைக் கொண்டுவந்தா, அதுல நம்மளோட உடம்பு உறுப்பெல்லாம் இங்கிலீசுல சுத்தி வந்துச்சு. கண்டக்டர் கொண்டுவந்தது ஐஸ்காரர் கூவுற மெட்டு. "பால் ஐஸ், சேமியா ஐஸ்" இருந்த இடத்துல "சண்டே, மண்டே" வந்து உட்கார்ந்துச்சு. நெசமான ஐஸ்காரர் அதைக் கேட்டுட்டு ஜன்னல்கிட்ட வண்டியை நிறுத்தி, "யாருப்பா அது, என் யாவாரத்தைக் கெடுக்குறது?"ன்னு எட்டிப் பார்த்தாரு. டீச்சர் வெட்கப்பட்டுக்கிட்டு, ஐஸ்காரரை உள்ள கூப்பிட்டு ஒருக்கா பாடிக் காட்டச் சொன்னாங்க. அவரு செருப்பைக் கழட்டிட்டு வந்து பாடினாரே, ஞாபகம் இருக்கா?

மூணு கட்டத்துக்குத்தான் மெட்டு அமையலை. கும்மியில போட்டா மூச்சு வாங்குச்சு. ஐஸ் மெட்டுல போட்டா ரெண்டு கட்டத்தோட நின்னு போச்சு. "மூணு தடவை மடங்கி வர்ற மாதிரி மெதுவா ஒரு மெட்டு வேணும், யாருகிட்ட இருக்கு?"ன்னு டீச்சர் கேட்டாங்க. நான் கையைத் தூக்கிட்டேன். தூக்கின பிறகுதான் பயம் வந்துச்சு.

எங்கம்மாவை உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா எப்படித் தெரியும்? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்க தெரு. அம்மா உங்க வயல்ல நாத்து நட்டா, களை எடுத்தா. ஊர்ல ஒரு சாவு விழுந்தா எங்க வாசலுக்கு ஆள் வரும். உள்ள வர மாட்டாக, அங்கேயே நின்னு "இன்னார் போயிட்டாக, வந்துரு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிருவாக. அம்மா போயி, பந்தலுக்குக் கீழ உட்கார்ந்து மாரடிச்சுப் பாடுவா. அவ எடுத்துக்கொடுத்தாத்தான் மத்த பொம்பளைக அழுவாக. கல்யாண வீட்டுக்கு ஒருத்தரும் அவளைப் பாடக் கூப்பிட்டதில்லை. நான் அந்தச் சாவு வீடுகளுக்குப் போனதே கிடையாது, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டா. திரும்பி வந்து தலை முழுகி, ஈரச் சேலையோட தொட்டில்கிட்ட உட்காருவா. தம்பி அப்பக் கைப்பிள்ளையாவும் இல்லாம, ஓடுற பிள்ளையாவும் இல்லாம ரெண்டுங்கெட்டானா இருந்தான். மத்தியானத்துல அவனைத் தூங்கவைக்க அம்மா பாடுற பாட்டுதான் எனக்குத் தெரிஞ்ச பாட்டு. அப்பா வெத்தலைக் கொடிக்கால் வேலைக்குப் போயிட்டு வாரத்துக்கு ஒருக்கா வர்ற ஆளு. மத்த நாளெல்லாம் அந்த ஒத்தை ரூமுல நாங்க மூணு பேரும் அந்தப் பாட்டும்தான்.

அதைத்தான் நான் வகுப்புல பாடினேன். வார்த்தை இல்லாம, ம்ம்ம்னு. டீச்சர் சாக்பீஸைக் கீழ வச்சிட்டு என்னையே பார்த்தாங்க. "இன்னொருக்கா பாடு." பாடினேன். "யாரு சொல்லிக்கொடுத்தா?" "எங்கம்மா டீச்சர்." "அம்மாகிட்டச் சொல்லு, ரொம்ப நல்லா இருக்குன்னு டீச்சர் சொன்னாங்கன்னு." எங்கம்மாவுக்கு ஊர்ல ஒருத்தர் அப்படிச் சொல்லி அனுப்பினது அதுதான் முதல் தடவை.

அப்புறம் பாட்டு எப்படி ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஜன்னல் வரிசைக்கு மொதக் கட்டம், நடு வரிசைக்கு ரெண்டாவது, சுவத்து வரிசைக்கு மூணாவது. டீச்சர் கைக்குட்டையை முடிச்சுப்போட்டுப் பந்தாக்கி வீசுவாங்க. பிடிச்சவன் ஆரம்பிக்கணும், மூணு தட்டுக்குள்ள அடுத்த வரிசைக்குப் போயிரணும். "கம்" – "கேம்" – "கம்". "கோ" – "வென்ட்" – "கான்". "சீ" – "சா" – "சீன்". யாரு தடுமாறுறாங்களோ அவங்க போயிப் பானைத் தண்ணி எடுத்துட்டு வரணும். என் பெஞ்சுக்காரிதான் அதிகமாத் தண்ணி சுமந்தவ. ஒரே மாசம்! அம்பது அறுபது வார்த்தை, ஒரு அடி வாங்காம நம்ம நாக்குல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. கை தட்டி வேகமாப் பாடினதால அது என்ன மெட்டுன்னு ஒருத்தருக்கும் உறைக்கலை. அம்மாவோட ஒப்பாரிக்கும் இந்தத் தாலாட்டுக்கும் மெட்டு ஒண்ணுதான், உங்கள்ல எத்தனையோ பேரு அதைச் சாவு வீட்டு வாசல்ல நின்னு கேட்டிருப்பீங்க. ஆனா இங்கிலீசு வார்த்தையும் கைதட்டலும் சேர்ந்ததும் அது வேற ஆளா மாறிருச்சு.

வீட்டுல அம்மாவும் கத்துக்கிட்டா. கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்பா. "அது என்னடி, போறதுக்கு மட்டும் மூணு பேரு வச்சிருக்கான்?"

"இன்னைக்குப் போறது கோ. நேத்துப் போனது வென்ட்டு. போயே போயிட்டா கான்மா."

"அம்புட்டு வெவரமாவா?" வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. தம்பி தொட்டிலை ஆட்டிக்கிட்டு, "கம்மு கேமு கம்மு, எங் கண்ணு, கோவு வென்ட்டு கானு"ன்னு இழுப்பா. அவனும் பொக்கை வாயில "கானு"ம்பான். அந்த மூணு மாசம் மாதிரி எங்கம்மா சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இப்பவும் அழுகை வருது, என்ன பண்ணச் சொல்றீங்க?

ஆவணி மாசம் பெரிய வாத்தியாருக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. லீவு போட்டுட்டு வீட்டுல கீழாநெல்லி குடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. "கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழம்"னு ஊரெல்லாம் பேச்சு. அது தெரியாம இருந்தது நம்ம டீச்சர் ஒருத்தங்கதான். ஏதோ லீவுன்னு நினைச்சிருக்காங்க.

அன்னைக்குச் சந்தை நாள். மேகம் போட்டுப் புழுக்கமா இருந்துச்சு. சுவத்து வரிசைக்காரங்க மூணாவது கட்டத்துல திரும்பத் திரும்பத் தப்பு விட்டாங்க. "வேகம் ஜாஸ்தி ஆயிருச்சு. கை தட்ட வேண்டாம். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா இழுத்துப் பாடுங்க"ன்னு டீச்சர் சொன்னாங்க. கண்ணை மூடினோம். மெதுவா இழுத்தோம். "கோ... வென்ட்... கான்..."

நாப்பது பிள்ளைக சேர்ந்து அந்த மெட்டை இழுத்துப் பாடினா எப்படி இருக்கும்? அசல் சாவு வீடுதான். அப்பத்தான் ரோட்டுல டமார்னு ஒரு சத்தம். கத்திரிக்காய்க் கூடையைக் கீழ போட்டுட்டு ஒரு பொம்பளை நெஞ்சுல அடிச்சுக்கிட்டு நிக்கிது. "ஐயோ, எங்க பெரிய வாத்தியாரே! பிள்ளைகளை இப்படி அழவிட்டுப் போயிட்டீகளே!" அடுத்த நிமிஷம் கேட்டுல ஒரு கூட்டம். டீச்சர் பதறி ஓடினாங்க. "என்னம்மா ஆச்சு?" "பெரிய வாத்தியாரு போயிட்டாராமே தாயி!" டீச்சர் அப்படியே தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்து அழுதுட்டாங்க. டீச்சர் அழுறதைப் பார்த்து நம்ம அழுதோம். நம்ம அழுறதைப் பார்த்து, வந்தவங்களுக்குச் சந்தேகமே இல்லாமப் போச்சு. பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது அவங்க, அவங்களுக்குச் சொன்னது பள்ளிக்கூடம்! பியூன் மணியை அடிச்சு லீவு விட்டாரு. பூக்கடைக்காரர் ரோசாப்பூ மாலை ஒண்ணைக் கொண்டாந்து பெரிய வாத்தியார் நாற்காலியில சாத்தினாரு. கண்டக்டர் அந்த நாற்காலியை மூணு சுத்துச் சுத்தி விழுந்து கும்பிட்டாரு. இல்லைன்னு சொல்லட்டும் பார்ப்போம்.

அரை மணி நேரத்துல ஒரு மாட்டுவண்டி வந்து நின்னுச்சு. தலையில துண்டு, மஞ்சக் கண்ணு, கையில கீழாநெல்லிச் சொம்பு. செத்தவரே எறங்கி வந்துட்டாரு. நேரா உள்ள போனவரு, மாலை போட்ட தன் நாற்காலியைப் பார்த்து வாசல்லேயே நின்னுட்டாரு. முன்னாடி நின்ன ஒரு பொம்பளைக்கு அழுகையை நிறுத்தத் தெரியலை, அவரையே பார்த்து ஒரு அடி பாடி முடிச்சுச்சு. நம்ம சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம ஓடினோம்.

அம்புட்டுதான் சிரிப்பு. திங்கக்கிழமை பிரேயர்ல ஊர்ப் பெரிய மனுசங்க நாலு பேரு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. ஒருத்தர் வீட்டுல அந்த வாரம் கல்யாணம். "முகூர்த்த நேரத்துல ஊர் நடுவுல ஒப்பாரி வச்சிருக்கீக. எவ வீட்டுப் பாட்டுய்யா இது? நம்ம பிள்ளைக வாயிலயா இதை ஏத்துறது?"ன்னு குதிச்சாரு. அவருக்கு யாரு பாட்டுன்னு தெரியாதா? அவங்க வீட்டுச் சாவுக்கே அம்மா போயிப் பாடியிருக்கா. பெரிய வாத்தியார் பிரம்பால மேசையைத் தட்டினாரு. "இந்தப் பாட்டைக் கொண்டுவந்தது யாரு? உண்மையைச் சொல்லிரணும். கொண்டுவந்த பிள்ளைக்கு இன்னைக்கே டி.சி."

எங்க தெருவுல ஆறாப்பு ஏறின மொத பொம்பளைப் பிள்ளை நான். டி.சி.ன்னா மறுநாளே நாத்துக்கட்டு தூக்க வேண்டியதுதான். என் பெஞ்சுக்காரி என் பாவாடையைப் பிடிச்சு இழுத்தா, பேசாதேங்கிற மாதிரி. நான் தலையைத் தூக்கினேன். கேட்டுக்கு வெளிய, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அம்மா நிக்கிறா. இடுப்புல தம்பி. யாரோ சொல்லி ஓடி வந்திருக்கா. எனக்கும் அவளுக்கும் பத்தடி தூரம்கூட இல்லை.

"டீச்சர்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க"ன்னேன்.

"எல்லாரும் சொல்லுங்க, அப்படியா?"

"ஆமா சார்"னு நாப்பது பேரும் சொன்னீங்க. என்னைக் காப்பாத்தத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். உங்களைக் குத்தம் சொல்லலை. டீச்சர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாங்க. கோவம் இல்லை அந்தப் பார்வையில, அதுதான் என்னை இன்னும் கொல்லுது. "ஆமா சார். நான்தான். தெரியாமச் செஞ்சிட்டேன்"னாங்க. நான் திரும்பிப் பார்த்தப்பக் கேட்டுல அம்மா இல்லை.

அன்னையோட வகுப்புல பாட்டு நின்னுச்சு. மூணு கட்ட அட்டை மறுபடி முன்பக்கம் திரும்புச்சு. காலாண்டு லீவு முடிஞ்சு வந்தப்ப டீச்சர் இல்லை, எங்கேயோ மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. குதிச்ச பெரிய மனுசரோட ஆத்தா ஐப்பசியில செத்துப்போச்சு. எங்க வாசலுக்கு ஆள் வந்துச்சு, அம்மாவும் போயிப் பாடிட்டு வந்தா. ஆனா வீட்டுல மட்டும் பாட்டு நின்னே போச்சு. தம்பியைத் தோள்ல போட்டுத் தட்டியே தூங்கவச்சா. என்னை ஒரு வார்த்தை கேட்கலை, ஒரு அடி அடிக்கலை. நான் சொன்ன பொய்தான் அவ வாயை அடைச்சிருச்சுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நான் படிச்சதெல்லாம் அந்த நினைப்போடதான். நர்சிங் இங்கிலீசுல எழுதும்போது மூணாவது கட்டத்துல ஒரு தப்பு விட்டதில்லை. சரியா எழுதுற ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கம்பியைப் பிடிச்ச கை ரெண்டும் தெரியும்.

இப்ப அம்மா என்கூடத்தான் இருக்கா. எண்பதைத் தாண்டிட்டா. காது கேட்குது, வாய் கேட்கவே வேண்டாம். முந்தாநாள் மத்தியானம் சாப்பாடு ஆனதும் கண்டக்டர் போட்ட செய்தியை அவகிட்டப் படிச்சுக் காட்டினேன். "டீச்சர் பாட்டு"ங்கிற இடத்துல செல்லைக் கீழ வச்சிட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன். "நான் அன்னைக்குச் சொன்னது உனக்குக் கேட்டுச்சாம்மா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அதனாலதானே வீட்டுல பாடுறதை நிறுத்தினே?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "அடி கூறுகெட்டவளே. தொட்டில் சேலை கிழிஞ்சு போச்சு, அவனும் எறங்கி ஓட ஆரம்பிச்சிட்டான். ஆளில்லாத தொட்டிலுக்கா பாடச் சொல்ற?"

நெசமாச் சொல்றாளா, என்னைத் தேத்தச் சொல்றாளான்னு அவ கண்ணைப் பார்த்தேன். ரெண்டு கண்ணும் புரை ஆபரேஷன் பண்ணினது, அதுல ஒண்ணும் பிடிபடலை.

"நீ மட்டும் நெசத்தைச் சொல்லியிருந்தேன்னு வையி, நானே உள்ள வந்து, இல்லைங்க சாமி, டீச்சர்தான்னு சொல்லியிருப்பேன். உன் படிப்பு போயிருக்கும்ல? நமக்கு அப்ப வேற வழி ஏது? அந்த டீச்சர் புள்ளைய நினைச்சுத்தான் எனக்கு மனசே ஆறலை. மறுநாள் சாயந்தரம் பஸ் ஸ்டாப்புல போயி நின்னேன்."

இது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா அம்பது வருஷமாச் சொல்லலை.

"தாயி, எம் மக பொய் சொல்லிருச்சு, நீ மன்னிக்கணும்னேன். அதுக்கு அந்தப் புள்ள, பொய்யெல்லாம் இல்லம்மா, மெட்டுக் கொண்டு வான்னு கேட்டது நான்தானேன்னுச்சு. அப்புறம், முழுப் பாட்டும் எப்படின்னு ஒருக்கா பாடிக் காட்டுறீங்களான்னு கேட்டுச்சு. அது ஊருக்குத் திரும்புற பஸ்சு வர்ற வரைக்கும் பாடினேன். பைக்குள்ளேர்ந்து நோட்டை எடுத்து எழுதிக்கிச்சு. ஒப்பாரியாவும் பாடினேன், தாலாட்டாவும் பாடினேன், இங்கிலீசுலயும் பாடினேன். பஸ்ஸுல ஏறிக்கிட்டே கையைக் காட்டுச்சு."

சொல்லிட்டு, தானாவே ஆரம்பிச்சா. "கம்மு கேமு கம்மு. கோவு வென்ட்டு கானு. சீயு சாவு சீனு." ஒண்ணு மாறலை. என் பிள்ளைகளை வளர்க்கும்போது பாடாத பாட்டு, கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு, தொடையில தாளம் போட்டுக்கிட்டு வந்துச்சு. எனக்கு எங்க போயி முட்டிக்கிறதுன்னு தெரியலை. அவ மடியிலேயே தலையை வச்சுக்கிட்டேன், அறுபது தாண்டின கிழவி.

அதனால குரூப்புக்கு ரெண்டு திருத்தம். கண்டக்டரே, நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துட்டீங்கன்னாலும் பரவாயில்லை, நிறுத்துங்க. "டீச்சர் பாட்டு"ங்கிறதை எடுத்துட்டு என்ன போடணும்னு உங்களுக்கே தெரியும். பாடுறதுக்கு முன்னாடி மைக்கை என்கிட்டக் கொடுக்கணும். அன்னைக்குக் கேட்ட கேள்விக்குப் பதிலை நான் சொல்லணும், டீச்சர் காதுல விழுற மாதிரி. ரெண்டாவது, மேடையில டீச்சருக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடணும். ஊர்ல எல்லாச் சாவுக்கும் கூப்பிட்டீங்க. ஒரே ஒரு நல்ல காரியத்துக்கும் கூப்பிட்டிருங்க.

அம்மாகிட்டயும் கேட்டுட்டேன். "நான் வந்து என்னத்தைடி செய்ய"ன்னு முதல்ல இழுத்தா. அப்புறம் பெட்டியைத் திறந்து எந்தச் சேலைன்னு பார்க்க ஆரம்பிச்சிட்டா. பார்த்துக்கிட்டே ஒரே ஒரு நிபந்தனை போட்டா, அப்படியே எழுதுறேன்.

"வாரேன். ஆனா கை தட்டி வெரசாப் பாடச் சொல்லு உங்க ஆளுகளை. அந்தப் புள்ளைக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. மெதுவா இழுத்தீகன்னு வையி, எவனாச்சும் மாலையோட ஓடியாந்துருவான்."